ஒரே கம்ப்யூட்டரில் எத்தனை டேட்டாபேஸ் சர்வர்?

ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, எங்கள் தெருவில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது. "தம்பி, பில் போடுற புரோகிராம் திறக்க மாட்டேங்குது. சர்வரைக் காணோம்னு சொல்லுது. நம்ம வீட்டுல ஏது தம்பி சர்வர்?" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. சர்வர் என்றால் ஏ.சி. அறையில் பூட்டி வைத்திருக்கும் பெரிய பெட்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அவருடைய வீட்டு கம்ப்யூட்டரில் முந்தைய நாள் வரை இரண்டு சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஞாயிறு இரவு அதில் ஒன்று நீக்கப்பட்டுவிட்டது.

நீக்கியது கல்லூரியில் பி.சி.ஏ. படிக்கும் அவருடைய மகள். பகலில் கடை பில், இரவில் கல்லூரி பிராஜெக்ட் என ஒரே கம்ப்யூட்டரை இருவரும் பயன்படுத்தி வந்தனர். சி டிரைவ் நிறைந்து சிவப்புக் கோடு காட்டியதால், தேவையில்லாதவற்றை நீக்கலாம் எனப் பட்டியலைத் திறந்திருக்கிறாள். அதில் மைக்ரோசாப்ட் எஸ்.க்யூ.எல். சர்வர் எனத் தொடங்கும் வரிகள் பத்துக்கு மேல் இருந்தன. "அண்ணா, 2014ன்னு ஒண்ணு, 2019ன்னு ஒண்ணு இருந்துச்சு. புதுசு இருக்கே, பழசு எதுக்குன்னு எடுத்துட்டேன்" என்றாள். அந்தப் பழசில்தான் நூற்றுக்கும் மேற்பட்ட சில்லறைக் கடைகளின் நான்கு வருடப் பற்று வரவு இருந்தது. கடைசியாக பேக்கப் எடுத்தது எட்டு மாதங்களுக்கு முன்பு. இடையில் யார் எவ்வளவு பாக்கி என்பது அந்த கம்ப்யூட்டருக்கு மட்டுமே தெரியும்.

இந்தக் கதை எப்படி முடிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கும் இந்தச் சிக்கல் வரலாம் என்பதால், முதலில் இந்த சர்வர்கள் எப்படி நம் வீட்டுக்குள் வருகின்றன எனப் பார்ப்போம்.

கேட்காமலே வரும் விருந்தாளி

டேட்டாபேஸ் சர்வர் என்பது ஒரு பெட்டி அல்ல, ஒரு புரோகிராம். தகவல்களை வரிசைப்படுத்தி பைல்களில் சேமித்து, மற்ற புரோகிராம்கள் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது இதன் வேலை. திரையில் இதற்கென விண்டோ எதுவும் இருக்காது. கம்ப்யூட்டர் பூட் ஆனதும் பின்னணியில் தானாக இயங்கத் தொடங்கிவிடும். இப்படி இயங்குபவற்றை விண்டோஸ் சர்வீஸ் என அழைக்கிறது. யார் லாக் இன் செய்திருக்கிறார்கள் என்பது இதற்கு ஒரு பொருட்டே அல்ல. வீட்டில் நான்கு பேருக்கு நான்கு யூசர் அக்கவுண்ட் வைத்திருந்தாலும், சர்வீஸ் எல்லோருக்கும் பொதுதான்.

நீங்கள் இதை நேரடியாக இன்ஸ்டால் செய்திருக்க மாட்டீர்கள். பில்லிங் சாப்ட்வேர், கிளினிக் சாப்ட்வேர், பள்ளி நிர்வாக சாப்ட்வேர் போன்றவை இன்ஸ்டால் ஆகும்போதே எஸ்.க்யூ.எல். சர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸை உடன் கொண்டு வருகின்றன. விசுவல் ஸ்டூடியோ இன்ஸ்டால் செய்தால் லோக்கல் டிபி என்ற சிறிய வடிவம் வரும். வெப் டிசைன் பழகுபவர்கள் ஸாம்ப் என்ற தொகுப்பை இறக்குவார்கள். அதில் மரியா டிபி இருக்கிறது. (ஸாம்ப் கண்ட்ரோல் பேனலில் மை எஸ்.க்யூ.எல். என்றே எழுதியிருக்கும். ஆனால் 2015 முதல் உள்ளே இருப்பது மை எஸ்.க்யூ.எல்.லிருந்து பிரிந்து வளர்ந்த மரியா டிபிதான்.) கல்லூரியில் மை எஸ்.க்யூ.எல். அல்லது போஸ்ட்கிரே எஸ்.க்யூ.எல். பாடமாக இருந்தால் அதுவும் வந்து சேரும். ஆக, மூன்று பேர் உள்ள வீட்டில் மூன்று டேட்டாபேஸ் சர்வர்கள் ஒரே கம்ப்யூட்டரில் இருப்பது சாதாரண விஷயம்.

ஒண்டுக் குடித்தனம்

ஒரே சர்வர் சாப்ட்வேரை ஒரு கம்ப்யூட்டரில் பல முறை தனித்தனியாக இயக்க முடியும். இப்படித் தனியாக இயங்கும் ஒவ்வொன்றும் ஓர் இன்ஸ்டன்ஸ். பழைய ஒண்டுக் குடித்தன வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரே வாசல், ஒரே கிணறு, ஒரே முற்றம். ஆனால் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி அறை, தனிப் பூட்டு, தனி அடுப்பு. இங்கே முற்றமும் கிணறும் உங்கள் கம்ப்யூட்டரின் மெமரி, பிராசஸர், ஹார்ட் டிஸ்க். அறையும் பூட்டும் இன்ஸ்டன்ஸின் டேட்டா போல்டரும் பாஸ்வேர்டும். ஒரு குடித்தனக்காரர் காலி செய்தால் அடுத்த அறையில் இருப்பவருக்குப் பாதிப்பில்லை. ஆனால் ஒருவர் கிணற்றுத் தண்ணீரை எல்லாம் இறைத்துவிட்டால் மற்றவர் பாடு திண்டாட்டம்தான்.

எஸ்.க்யூ.எல். சர்வரில் இந்த வசதி 2000 ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. பெயர் தராமல் இன்ஸ்டால் செய்தால் அது டிபால்ட் இன்ஸ்டன்ஸ். அதன் சர்வீஸ் பெயர் எம்.எஸ்.எஸ்.க்யூ.எல். சர்வர். பெயர் கொடுத்தால் நேம்டு இன்ஸ்டன்ஸ். எக்ஸ்பிரஸ் பதிப்பு, எஸ்.க்யூ.எல். எக்ஸ்பிரஸ் என்பதையே தன் பெயராக எடுத்துக்கொள்ளும். அண்ணாச்சியின் பில்லிங் சாப்ட்வேர் இந்தப் பெயரில்தான் குடியிருந்தது. மகள் தன்னுடையதற்கு காலேஜ் எனப் பெயர் கொடுத்திருந்தாள். இது நல்ல பழக்கம். பெயரைப் பார்த்ததும் யாருடையது எனத் தெரிந்துவிடும்.

இரண்டும் வெவ்வேறு பதிப்புகளாக இருக்கலாம் என்பதுதான் இதில் உள்ள பெரிய வசதி. ஒன்று 2014, மற்றொன்று 2019 என ஒரே நேரத்தில் சண்டையில்லாமல் இயங்கும்.

உங்கள் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது?

ஸ்டார்ட் கிளிக் செய்து, தேடல் கட்டத்தில் சர்வீசஸ் என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். கிடைக்கும் விண்டோவில் நீண்ட பட்டியல் ஒன்று அகர வரிசையில் இருக்கும். எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற பெயரும், அதன் அருகில் அடைப்புக்குறிக்குள் இன்ஸ்டன்ஸ் பெயரும் உள்ளதா எனப் பாருங்கள். மை எஸ்.க்யூ.எல். என்ற பெயரை அடுத்து 57 அல்லது 80 என எண் இருந்தால் அது 5.7 அல்லது 8.0 பதிப்பு. போஸ்ட்கிரே என்றால் பெயரின் கடைசியில் 15, 16 எனப் பதிப்பு எண் தெரியும். ஸாம்ப் மட்டும் இந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. அதை அதன் கண்ட்ரோல் பேனலில் இருந்துதான் தொடங்குவோம்.

பட்டியலில் கண்டதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: சர்வீஸ் பெயர், பதிப்பு, எந்த புரோகிராமுக்காக, வீட்டில் யாருக்கு. நாலு வரிதான். அலுவலகத்தில் நாங்கள் பெரிய சர்வர்களுக்கும் இதையேதான் செய்கிறோம், தாளுக்குப் பதிலாக எக்ஸெல் ஷீட்டில்.

கதவு எண் தகராறு

ஒரே கம்ப்யூட்டருக்குள் பல சர்வர்கள் இருந்தால், கேட்டு வரும் புரோகிராம் சரியான அறைக்குப் போக வேண்டும் அல்லவா? அதற்குத்தான் போர்ட் எண். மை எஸ்.க்யூ.எல்., மரியா டிபி இரண்டுக்கும் வழக்கமான எண் 3306. போஸ்ட்கிரேவுக்கு 5432. எஸ்.க்யூ.எல். சர்வரின் டிபால்ட் இன்ஸ்டன்ஸுக்கு 1433. ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான் பிடித்துக்கொள்ள முடியும்.

இதில் அதிகம் மாட்டிக்கொள்பவர்கள் ஸாம்ப் பயன்படுத்தும் மாணவர்கள். ஏற்கனவே மை எஸ்.க்யூ.எல். 3306ல் ஓடிக்கொண்டிருக்கும். இது தெரியாமல் ஸாம்ப்பில் ஸ்டார்ட் பட்டனை அழுத்துவார்கள். ஒரு நொடி பச்சை காட்டிவிட்டு, எதிர்பாராமல் நின்றுவிட்டது எனச் சிவப்பில் செய்தி வரும். உடனே இணையத்தில் தேடுவார்கள். அங்கே யாரோ டேட்டா போல்டரில் உள்ள ஐபிடேட்டா1 என்ற பைலை அழித்துவிடு எனச் சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பதிப்பு 5.5 முதல் மை எஸ்.க்யூ.எல். வழக்கமாகப் பயன்படுத்தும் இன்னோ டிபி முறையில், எல்லா டேபிள்களையும் இணைத்து வைத்திருக்கும் விவரங்கள் அந்தப் பைலில்தான் இருக்கின்றன. அதை அழித்தால் சர்வர் ஸ்டார்ட் ஆகும். ஆனால் டேபிளைத் திறந்தால், அப்படி ஒரு டேபிளே இல்லை என்று சொல்லும்.

எந்த புரோகிராம் போர்ட்டைப் பிடித்திருக்கிறது என முதலில் பாருங்கள். ஸ்டார்ட் தேடல் கட்டத்தில் ரிசோர்ஸ் மானிட்டர் என டைப் செய்து திறக்கவும். நெட்வொர்க் டேபில் கிளிக் செய்து, கீழே உள்ள லிசனிங் போர்ட்ஸ் பிரிவை விரித்தால், எந்த போர்ட்டில் எந்த புரோகிராம் காத்திருக்கிறது எனத் தெரியும். அங்கே 3306க்கு நேராக மை எஸ்.க்யூ.எல்.டி. என்ற பெயர் இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. பிறகு ஸாம்ப் கண்ட்ரோல் பேனலில் மை எஸ்.க்யூ.எல். வரிசையில் உள்ள கான்பிக் பட்டனை அழுத்தி, மை.ஐஎன்ஐ பைலைத் திறந்து, 3306 என உள்ள இடங்களில் 3307 என மாற்றி சேவ் செய்திடவும். கிளையண்ட் பிரிவிலும் சர்வர் பிரிவிலும் இரண்டு இடங்களில் இருக்கும். இரண்டையும் மாற்ற வேண்டும். பிஎச்பி மை அட்மின் பயன்படுத்துபவர்கள் அதன் கான்பிக் பைலிலும் புதிய எண்ணைத் தர வேண்டும்.

இதை மறந்தால் வேறொரு வேடிக்கை நடக்கும். பிஎச்பி மை அட்மின் பழைய 3306ல் உள்ள இன்னொரு சர்வரைத் தட்டும். பாஸ்வேர்ட் தவறு எனச் சொல்லும். அல்லது இரண்டிலும் ஒரே பாஸ்வேர்டாக இருந்தால் உள்ளே விட்டுவிட்டு, உங்கள் டேபிள் எதையும் காட்டாது. பிராஜெக்ட் முழுக்கப் போய்விட்டது என்று நள்ளிரவில் எனக்குப் போன் செய்த தம்பிகள் உண்டு. எதுவும் போயிருக்காது. தவறான அறைக் கதவைத் தட்டியிருப்பார்கள், அவ்வளவுதான்.

போஸ்ட்கிரே இந்த விஷயத்தில் சமர்த்து. இரண்டாவது பதிப்பை விண்டோஸில் இன்ஸ்டால் செய்யும்போது, 5432 ஏற்கனவே எடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்து, அதுவே 5433 எனக் காட்டும். திரையில் அந்த எண் வரும்போது நெக்ஸ்ட் அழுத்தும் அவசரத்தில் கவனிக்காமல் விடாதீர்கள்.

வாசலில் நின்ற ஆளும் ஸ்லாம்மரும்

எஸ்.க்யூ.எல். சர்வரின் நேம்டு இன்ஸ்டன்ஸ்களுக்கு நிலையான போர்ட் எண் கிடையாது. ஸ்டார்ட் ஆகும்போது காலியாக உள்ள ஏதோ ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும். அப்படியானால் வெளியிலிருந்து வருபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? வாசலில் ஓர் ஆள் நின்று, இன்னார் அறை இன்ன எண் எனச் சொல்வார். 2005 பதிப்பு முதல் இந்த ஆளின் பெயர் எஸ்.க்யூ.எல். சர்வர் பிரவுசர். இவர் காத்திருப்பது யூ.டி.பி. 1434 போர்ட்டில்.

2000 பதிப்பில் இதே வேலையைச் செய்த பகுதியில் ஒரு குறை இருந்தது. மைக்ரோசாப்ட் 2002 ஜூலையிலேயே அதற்கான பேட்ச் வெளியிட்டுவிட்டது. பலர் போடவில்லை. 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாம்மர் என்ற வோர்ம் அந்த ஓட்டை வழியே நுழைந்தது. அதன் அளவு வெறும் 376 பைட்கள். இந்தப் பத்தியின் அளவு கூட இல்லை. பத்து நிமிடங்களில், பாதிக்கக்கூடிய கம்ப்யூட்டர்களில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிட்டது. மொத்தம் ஏறத்தாழ 75,000 கம்ப்யூட்டர்கள். தென் கொரியாவில் இணையம் பல மணி நேரம் முடங்கியது. அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கியின் ஏ.டி.எம்.கள் ஆயிரக்கணக்கில் பணம் தர மறுத்தன.

நம் விஷயத்தோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. அன்று பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குத் தங்கள் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் சர்வர் இருப்பதே தெரியாது. வேறு ஏதோ சாப்ட்வேருடன் எம்.எஸ்.டி.இ. என்ற இலவசப் பதிப்பு வந்து உட்கார்ந்திருந்தது. இருப்பதே தெரியாத ஒன்றுக்கு யார் பேட்ச் போடுவார்கள்? உங்கள் டேட்டாபேஸை அதே கம்ப்யூட்டரில் உள்ள புரோகிராம் மட்டும்தான் பயன்படுத்துகிறது என்றால், பிரவுசர் சர்வீஸை நிறுத்தி வைக்கலாம். கடையில் இரண்டு பில்லிங் கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைத்திருந்தால் மட்டும், சாப்ட்வேர் தந்தவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

ஒரு வழிப் பாதை

இப்போது அண்ணாச்சி வீட்டுக்கு வருவோம். எஸ்.க்யூ.எல். சர்வரை நீக்கும்போது சர்வர் புரோகிராம்தான் போகும். நாம் உருவாக்கிய டேட்டாபேஸ் பைல்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே தங்கிவிடும். புரோகிராம் பைல்ஸ் போல்டருக்குள் மைக்ரோசாப்ட் எஸ்.க்யூ.எல். சர்வர் போல்டர், அதற்குள் 12 என்ற எண்ணும் இன்ஸ்டன்ஸ் பெயரும் சேர்ந்த போல்டர். (2014க்கு உள் எண் 12, 2019க்கு 15.) அதற்குள் டேட்டா என்ற போல்டரைத் திறந்தபோது எம்.டி.எப்., எல்.டி.எப். எனத் துணைப் பெயர் கொண்ட இரண்டு பைல்கள் இருந்தன. அண்ணாச்சியின் நான்கு வருடம் அங்கே இருந்தது. அவர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் ரத்தம் வந்தது.

"அதான் 2019 இருக்கே அண்ணா, அதுலயே அட்டாச் பண்ணிடலாமே?" என்றாள் மகள். இங்கேதான் பெரும்பாலானோர் இரண்டாவது தவறைச் செய்வார்கள். பழைய பதிப்பின் டேட்டாபேஸைப் புதிய பதிப்பில் அட்டாச் செய்தால் அது மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும். அந்த நொடியிலேயே பைலின் உள் அமைப்பையும் புதியதாக மாற்றிவிடும். பைலுக்குள் எழுதியிருக்கும் 782 என்ற எண் 904 ஆகிவிடும். அதன் பிறகு அந்தப் பைலை 2014ல் திறக்க வழியே இல்லை. 2019ல் எடுத்த பேக்கப்பையும் 2014 ஏற்காது. அண்ணாச்சியின் பில்லிங் சாப்ட்வேர் 2014க்காக எழுதப்பட்டது; 2019உடன் ஒழுங்காக வேலை செய்யுமா என்பது அதை எழுதியவருக்குத்தான் தெரியும். மாற்றிவிட்டுப் பிறகு கேட்பதில் பயனில்லை.

எனவே முதல் வேலையாக இரண்டு பைல்களையும் பென் டிரைவில் காப்பி செய்தேன். பழைய போல்டரின் பெயரையும் மாற்றி வைத்தேன். பிறகு பில்லிங் நிறுவனம் தந்திருந்த சிடியிலிருந்து 2014 எக்ஸ்பிரஸை, எழுத்துப் பிசகாமல் அதே இன்ஸ்டன்ஸ் பெயருடன் இன்ஸ்டால் செய்தேன். பெயர் மாறினால் பில்லிங் சாப்ட்வேர் அதைக் கண்டுபிடிக்காது. பைல்களைப் புதிய டேட்டா போல்டரில் காப்பி செய்து, மேனேஜ்மெண்ட் ஸ்டூடியோவில் டேட்டாபேஸஸ் மீது ரைட் கிளிக் செய்து அட்டாச் கொடுத்தேன். அதற்கு முன், இடது பக்கம் சர்வர் பெயரை அடுத்து உள்ள எண் 12ல் தொடங்குகிறதா, 15லா என இருமுறை பார்த்துக்கொண்டேன். இரண்டு இன்ஸ்டன்ஸ்கள் உள்ள கம்ப்யூட்டரில் தவறான ஒன்றுடன் இணைந்திருப்பது மிக எளிது.

அதோடு முடியவில்லை. லாகின் பெயரும் பாஸ்வேர்டும் நம் டேட்டாபேஸ் பைலில் இருப்பதில்லை. மாஸ்டர் என்ற தனி டேட்டாபேஸில் இருக்கும்; அது சர்வரோடு போய்விட்டது. பில்லிங் நிறுவனத்துக்குப் போன் செய்து, அவர்கள் எஸ்.ஏ. லாகினுக்கு வைத்திருந்த பாஸ்வேர்டைக் கேட்டு வாங்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பன்னிரண்டரைக்கு முதல் பில் பிரிண்ட் ஆனது.

ஒரு வழிப் பாதை என்பது எஸ்.க்யூ.எல். சர்வருக்கு மட்டுமல்ல. மை எஸ்.க்யூ.எல். 8.0 ஒரு முறை திறந்து மாற்றிய டேட்டா போல்டரை 5.7 திறக்காது. போஸ்ட்கிரே இன்னும் கண்டிப்பு. 15ன் டேட்டா போல்டரை 16 பதிப்புக்குக் காட்டினால் ஸ்டார்ட் ஆகவே மறுத்துவிடும்; டேட்டாவை முறைப்படி மாற்றித் தர வேண்டும். எனக்கு இந்தக் கண்டிப்பு பிடிக்கும். கேட்காமல் மாற்றுவதைவிட, முடியாது எனச் சொல்வது மேல்.

மெமரியும் நீக்கும் முறையும்

4 ஜி.பி. மெமரி உள்ள கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று சர்வர்கள் காலை முதல் ஓடினால் வேகம் குறையும். சர்வீசஸ் விண்டோவில், அன்றாடம் தேவைப்படாத இன்ஸ்டன்ஸ் மீது டபுள் கிளிக் செய்து, ஸ்டார்ட் அப் டைப் என்பதில் மேனுவல் எனத் தேர்ந்தெடுக்கவும். தேவைப்படும்போது ரைட் கிளிக் செய்து ஸ்டார்ட் கொடுக்கலாம். இப்போது அண்ணாச்சி வீட்டில் காலேஜ் இன்ஸ்டன்ஸ் இப்படித்தான் இருக்கிறது. பகலில் தூங்கும், இரவில் மகள் எழுப்பிக்கொள்கிறாள்.

ஒரு சர்வரை நீக்கியே ஆக வேண்டும் என்றால், நேராக அன் இன்ஸ்டாலுக்குப் போக வேண்டாம். முதலில் அதே கட்டத்தில் டிஸேபிள்டு எனத் தேர்ந்தெடுத்து, சர்வீஸை ஸ்டாப் செய்து விட்டுவிடுங்கள். எந்த புரோகிராமாவது அலறுகிறதா என ஒரு மாதம் பாருங்கள். கடை கம்ப்யூட்டர் என்றால் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் ஒரு முறை போகும் வரை காத்திருங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் டேட்டா போல்டரை வெளி டிரைவில் காப்பி செய்துவிட்டு நீக்கலாம். சர்வீஸ் ஓடும்போது இந்தப் பைல்களைக் காப்பி செய்ய விண்டோஸ் விடாது. ஸ்டாப் செய்திருந்தால்தான் முடியும். நீக்கும்போது, பட்டியலில் செட்டப் சப்போர்ட், நேட்டிவ் கிளையண்ட், பிரவுசர் எனத் தெரியும் சிறிய வரிகளைத் தனியாகத் தொட வேண்டாம். அவை பல இன்ஸ்டன்ஸ்களுக்குப் பொதுவானவை. பதிப்பு எண்ணுடன் உள்ள முதன்மை வரியைத் தேர்ந்தெடுத்து ரிமூவ் கொடுத்தால், எந்த இன்ஸ்டன்ஸ் எனக் கேட்கும். அங்கே நிதானமாகப் படித்துத் தேர்ந்தெடுக்கவும்.

எஸ்.க்யூ.எல். சர்வர் 2014க்கான மைக்ரோசாப்ட் ஆதரவு 2024 ஜூலையில் முடிந்துவிட்டது. எனவே அண்ணாச்சியும் ஒரு நாள் மாறித்தான் ஆக வேண்டும். பில்லிங் நிறுவனத்தின் புதிய பதிப்பு வாங்கும்போது, பழைய இன்ஸ்டன்ஸை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் புதிய பெயரில் இன்னோர் இன்ஸ்டன்ஸ் போட்டு, டேட்டாபேஸின் காப்பியை மட்டும் அதில் ஏற்றி, இரண்டிலும் பாக்கித் தொகைகள் ஒத்துப்போகின்றனவா எனப் பார்ப்பதாகத் திட்டம். பாக்கித் தொகைகளைத் தாளில் எழுதி ஒப்பிடும் வேலையை மகளிடம் கொடுத்திருக்கிறார்.